வீசன் வெளிக்குச் செல்லுமுன்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழாவில் இலக்கிய உரை ஒன்றும் பயண உரை ஒன்றும் இடம்பெறுதல் நம் சங்கத்தின் வழக்கம். பயண உரை என்றால் போய்வந்தவர் பேசுவதே மரபு. இம்முறை போக இருப்பவர்கள் பேச நேர்ந்திருக்கிறது. நம் குடியிருப்பைச் சேர்ந்த நான்கு குடும்பத்தார், மொத்தம் பதின்மூன்று பேர், ஜெர்மனி நாட்டின் மியூனிக் நகரில் நடைபெறும் அக்டோபர் விழாவைக் காணச் செல்லக் கருதியிருக்கிறோம். இரு குடும்பங்களின் பிள்ளைகள் அந்நாட்டில் படிக்கிறார்கள். "எங்களைப் பார்க்க வருவதானால் செப்டம்பரில் வாருங்கள், விழாவையும் பார்க்கலாம்" என்று அவர்கள் எழுதியதே இதற்கு வித்து.

செய்தி பரவிய நாள் முதல் எங்களைக் கேள்விகள் சூழ்ந்தன. "அது குடிப்பவர் கூடும் விழா அன்றோ? சங்கத்தார் குடும்பத்தோடு செல்லத் தக்கதோ?" என்று மூத்தோர் சிலர் வெளிப்படையாகவே கேட்டனர். "குடிக்காதவர்களுக்கு அங்கே என்ன வேலை?" என்று இளைஞர் சிலர் கேட்டனர். இரு கேள்விகளும் ஒரே எண்ணத்தில் பிறந்தவை. அவ்விழாவில் பீரைத் தவிர வேறொன்றும் இல்லை என்பதே அவ்வெண்ணம். வீட்டுக்கு வீடு விடை சொல்வதைக் காட்டிலும் மேடையிலேயே சொல்லிவிடுக என்று செயலாளர் பணித்தார். பிள்ளைகள் எழுதியவற்றையும், மியூனிக் நகராட்சியின் அறிவிப்புகளையும், நூல்களிற் படித்தவற்றையும் கொண்டு நாங்கள் அறிந்தவற்றை இங்கே வைக்கிறோம்.

1810ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 12ஆம் நாள் பவேரியா நாட்டின் பட்டத்து இளவரசர் லுட்விக், சாக்ஸ்-ஹில்ட்பர்க்ஹவுசன் அரச குடும்பத்து இளவரசி தெரேசாவை மணந்தார். பவேரியா முடியரசாகி அப்போது நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. புது முடியரசின் பட்டத்து இளவரசர் திருமணம் ஆதலின் நகர மக்கள் அனைவரும் களிக்குமாறு கொண்டாட்டம் நாள்கணக்கில் நீண்டது. அதன் முடிவாக, அக்டோபர் 17ஆம் நாள், நகர்ப்புறத்துப் புல்வெளி ஒன்றில் குதிரைப் பந்தயம் நடைபெற்றது. அவ்வெளிக்கு மணமகளின் பெயரையே இட்டனர். தெரேசியன்வீசெ, அதாவது தெரேசாவின் புல்வெளி, என்பது அப்பெயர். இன்றும் விழா நடப்பது அவ்விடத்திலேதான். மியூனிக் நகரத்தார் விழாவை அதன் முழுப்பெயரால் வழங்குவது அரிது. 'வீசன்' என்று புல்வெளியின் பெயராலேயே வழங்குவர். நம்மூரில் 'தேருக்குப் போகிறோம்' என்றால் எந்தத் தேர் என்று எவரும் கேட்பதில்லை அன்றோ? அது போன்றதே இதுவும்.

மறு ஆண்டு பந்தயத்தோடு உழவர் கண்காட்சியும் சேர்ந்தது. நல்ல காளைக்கும் நல்ல குதிரைக்கும் பரிசு வழங்கினர். 1818இல் முதல் குடைராட்டினமும் இரண்டு ஊஞ்சல்களும் வந்தன. பீர் அக்காலத்தும் இருந்தது. ஆனால் சிறு கடைகளில், பந்தயம் பார்க்க வந்தவர் தாகம் தீர்க்கும் பொருளாக மட்டும் இருந்தது. ஆயிரக்கணக்கானோர் அமரும் பெருங்கூடங்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேதான் எழுந்தன. 1885இல் வெளிக்கு முதன்முதல் மின்விளக்கு வந்தது. அவ்வேலையைச் செய்தவர்கள் யார் என்று அறிந்தால் நம் மாணவர்கள் வியப்பர். அறிவியலறிஞர் ஆல்பர்ட் ஐன்ஸ்டைனின் தந்தையாரும் சிற்றப்பனாரும் நடத்திய மின்பொருள் நிறுவனத்தாரே அவர்கள். விழாவிற்கு வித்தான குதிரைப் பந்தயமோ 1938ஆம் ஆண்டோடு ஆண்டு நிகழ்ச்சி என்ற நிலையை இழந்தது. திருமணத்திற் பிறந்து, உழவர் சந்தையாய் வளர்ந்து, பின்னரே பீர் விழா எனப் பெயர்பெற்றது இது. மாட்டுச் சந்தையோடு கூடிய கோயில் திருவிழாக்களை அறிந்த நமக்கு இவ்வளர்ச்சி புதிதாகத் தோன்றாது.

பீர் ஏன் அங்கே இவ்வளவு இடம் பிடித்தது என்பதற்கும் காரணம் உண்டு. வாற்கோதுமையை முளைக்கவைத்து ஊறலிட்டுப் புளிக்கச் செய்யும் பானம் அது. ஹாப்ஸ் என்னும் கொடியின் பூவை மணத்திற்கும் கசப்பிற்கும் சேர்ப்பர். வாற்கோதுமை, ஹாப்ஸ், நீர் ஆகிய மூன்றையன்றி வேறொன்றும் சேர்த்தலாகாது என்று பவேரிய ஆட்சியாளர் 1516இல் ஆணையிட்டனர். கோடை வெப்பத்தில் ஊறல் கெட்டுவிடும்; அடுப்புத் தீயால் ஊரும் பற்றிக்கொள்ளும். ஆகவே 1539இல் மற்றோர் ஆணை பிறந்தது. செப்டம்பர் 29 முதல் ஏப்ரல் 23 வரையே வடிக்கலாம் என்பது அது. எனவே மார்ச்சு மாதத்தில் சற்றுச் செறிவாக வடித்து, நிலவறைகளில் பனிக்கட்டியோடு சேமித்து, கோடை முழுதும் பயன்படுத்தினர். புது வாற்கோதுமை வீடு சேரும் இலையுதிர் காலத்தில், பழைய பீப்பாய்களை ஒழித்தாக வேண்டும். அறுவடை முடிந்த ஓய்வும் ஒழிக்கவேண்டிய பீப்பாயும் ஒரே காலத்தில் வந்தன. விழாவின் பெயரில் அக்டோபர் இருப்பினும், குளிருக்கு அஞ்சி 1872 முதல் அதனைச் செப்டம்பரிலேயே தொடங்குகின்றனர்.

இதனினும் நம் உள்ளத்தைத் தொடும் விழா ஒன்று அந்நாட்டிலேயே உண்டு. ஸ்டுட்கார்ட் நகரின் ஒரு பகுதியான கான்ஸ்டாட்டில், ஏறக்குறைய அதே காலத்தில் நடைபெறுவது. 1815இல் இந்தோனேசியத் தீவொன்றில் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் சாம்பலும் புகையும் வானை மறைக்க, மறு ஆண்டு ஐரோப்பாவில் கோடையே வரவில்லை. பயிர் அழிந்தது; மக்கள் பசியால் வாடினர்; பலர் நாட்டைவிட்டே பெயர்ந்தனர். பஞ்சம் தீர்ந்தபின் வூர்ட்டம்பர்க் மன்னர் வில்ஹெல்ம் 1818இல் உழவருக்கென ஒரு விழா எடுத்தார். நல்ல விதை, நல்ல கால்நடை, நல்ல கருவி இவற்றிற்குப் பரிசளிப்பதே அதன் நோக்கம். காய்களாலும் கனிகளாலும் கதிர்களாலும் அணிசெய்த உயர்ந்த தூண் ஒன்று இன்றும் அவ்விழா வெளியின் நடுவே நிற்கிறது. பஞ்சம் பிழைக்கப் புறப்பட்ட மக்களின் கதையைக் கேட்டு, பிழைப்பிற்காக ஊர்விட்டு வந்த நாம் அத்தூணை நினையாதிருக்க இயலுமோ? எங்கள் பயணத்தில் அதற்கும் ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறோம். கூட்ட நெரிசலுக்கு அஞ்சுவோர் மியூனிக்கை விட்டுக் கான்ஸ்டாட்டை மட்டும் கண்டு வந்தாலும் குறையொன்றுமில்லை என்பது எங்கள் கருத்து.

இனிக் குடியைப் பற்றி நேராகவே பேசுவோம்.

கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தவர் வள்ளுவர். அவருக்கு முற்பட்ட புறநானூற்றிலோ, யவனர் நல்ல கலங்களில் கொணர்ந்த மதுவைப் பொற்கிண்ணத்தில் மகளிர் ஊட்ட உண்டு மகிழ்வாயாக என்று பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்துகிறார். இரண்டும் நம்முடையவையே. ஒன்றை எடுத்துக்காட்டி மற்றொன்றை மறைப்பது நேர்மை ஆகாது. அண்மைக் காலத்தில் 1937இல் இராஜாஜி அவர்களின் அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது, 1948இல் அது சென்னை மாகாணம் முழுதும் பரவியது, 1971இல் தளர்த்தப்பட்டது. இவ்வவையில் எழுபது வயதைக் கடந்த பெரியோர் பலரும் மதுவிலக்கு நடப்பிலிருந்த நாட்டில் வளர்ந்தவர்கள். அவர்களுள் சிலர் அதற்கான காரணத்தையும் தம் வீட்டிலேயே கண்டவர்கள். எங்கள் பதின்மூவரில் மூத்தவரான அம்மையார் ஒருவர், தம் தந்தையார் குடியினால் இரண்டு ஏக்கர் நன்செய் கைமாறிப் போனதைச் சிறுமியாய் நின்று பார்த்தவர். அவர் எங்களைக் கேட்டது ஒன்றே: "அங்கே பெண்களும் பிள்ளைகளும் கிழவர்களும் ஏன் வந்து உட்காருகிறார்கள்?"

இக்கேள்வியை நாங்கள் பலநாள் எண்ணிப் பார்த்தோம். நம் குடியிருப்பில் குடிப்பவரே இல்லை என்று எவரும் சொல்லமாட்டார். ஆனால் நம்மவர் குடிப்பது கதவுக்குப் பின்னால்; மனைவி அறிந்தும் அறியாதது போல் இருப்பாள்; பிள்ளை மணத்தால் அறிவான். அங்கேயோ ஒரே பலகையில் பாட்டியும் பேரனும் அமர்ந்திருக்க, நடுவே குவளை நிற்கிறது. பாட்டியின் கண் முன்னே அளவு மீறுவதற்கு ஒரு கூச்சம் இருக்கும் என்று நினைக்கத் தோன்றுகிறது. நினைத்தது முழுதும் உண்மை அன்று. வெளிக்கு அருகிலுள்ள மேட்டில் நினைவிழந்து கிடப்பவர்களைப் பிள்ளைகள் படமெடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அங்கே மருத்துவ முகாம் ஒன்று நாள்தோறும் இயங்குகிறது. அதற்கு வேலை மிகுதி. குவளையைத் திருடிக்கொண்டு போக முயல்வோரிடமிருந்து காவலர் மீட்டவை மட்டும் 2024இல் ஏறக்குறைய ஒரு லட்சம். ஆகவே 'அவர்கள் நாகரிகமாகக் குடிக்கிறார்கள்' என்ற புகழ்ச்சியையும் நாங்கள் ஏற்பதற்கில்லை. பகலில் குடும்ப விழா, இரவில் குடியர் கூட்டம் என்று ஒரே வெளி இரண்டு முகம் காட்டுகிறது. எந்த முகத்தைக் காண்பது என்பது நாம் செல்லும் நாளையும் நேரத்தையும் பொறுத்தது. எங்கள் திட்டம் முழுதும் இதன்மேல் எழுந்ததே.

எங்களுடன் வருபவருள் பதினேழு வயது மாணவன் ஒருவன் இருக்கிறான். ஜெர்மனியின் சட்டப்படி 16 வயது நிறைந்தவர் பீர் வாங்கலாம். நம் மாநிலங்கள் பலவற்றில் 21 ஆகும்வரை ஆகாது. விமானம் ஏறி இறங்கியவுடன் சட்டம் அவனுக்கு வழிவிடுகிறது, வீடு வழிவிடுமா? எங்கள் நால்வர் இல்லங்களிலும் இதைப்பற்றிக் கருத்து ஒன்றுபடவில்லை. ஒருவர் 'அறவே கூடாது' என்கிறார். மற்றொருவர், 'கண் முன்னே ஒரு வாய் பருகிப் பார்க்கட்டும், ஒளிந்து பருகுவதைவிட நன்று' என்கிறார். இறுதியில் முடிவு செய்தது அவனைப் பெற்ற தாய். "நம் ஊரில் எது கூடாதோ அது அங்கேயும் கூடாது, திரும்பி வந்தபின் பேசலாம்" என்றார் அவர். அவனும் ஒப்புக்கொண்டான். அவன் ஒப்புக்கொண்டதே அவன் முதிர்ச்சிக்குச் சான்று என்று நாங்கள் எண்ணுகிறோம். பெரியவர்களில் பருகுவோர் இருவர் இருக்கிறார்கள். அவர்களும் ஒரு செய்தியை அறிந்துகொண்டார்கள். அவ்விழாவிற்கென வடிக்கும் பீர் வழக்கமானதைவிடச் செறிவுடையது. நூற்றுக்கு ஆறு பங்களவு மதுச்சத்து கொண்டது. குவளையின் அளவோ ஒரு லிட்டர். அதற்கு 'மாஸ்' என்று பெயர். அரைக் குவளை கேட்டால் அப்பெருங்கூடங்களில் கிடைப்பது அரிது.

இனித் திட்டம். விழா, செப்டம்பர் 15க்குப் பின் வரும் சனிக்கிழமையன்று தொடங்குகிறது; பெரும்பாலும் அக்டோபர் முதல் ஞாயிறோடு முடிகிறது. 2026இல் செப்டம்பர் 19 முதல் அக்டோபர் 4 வரை. 2027இல் செப்டம்பர் 18 முதல் அக்டோபர் 3 வரை. தொடக்க நாளில், குதிரைகள் பூட்டிய அணிசெய் வண்டிகளில் பீப்பாய்கள் ஊர்வலமாக வரும். நண்பகல் பன்னிரண்டு மணிக்கு நகரத் தலைவர் மரச் சுத்தியால் முதற் பீப்பாயின் குழாயை அடித்து ஏற்றுவார். 1950இல் தொடங்கிய வழக்கம் இது. எத்தனை அடியில் குழாய் ஏறியது என்பதே அன்று நகரமெங்கும் பேச்சு. முதற் குவளை பவேரியாவின் முதலமைச்சருக்கு. வெடி பன்னிரண்டு முழங்கிய பின்னரே ஏனைய கூடங்களில் பீர் வார்ப்பர். மியூனிக் நகர எல்லைக்குள் வடித்த பீரே அங்கு விற்கப்படும். அவ்வுரிமை ஆறு ஆலைகளுக்கு மட்டுமே உண்டு.

அந்த முதற் சனிக்கிழமையை நாங்கள் விட்டுவிட்டோம். மறுநாள் ஞாயிறு காலை நடக்கும் பேரூர்வலமே எங்கள் முதல் நாள். லுட்விக், தெரேசா இருவரின் மணவாழ்வு இருபத்தைந்தாண்டு நிறைந்ததைக் கொண்டாட 1835இல் முதன்முதல் நடத்தப்பட்ட ஊர்வலம் அது. இப்போது சுமார் ஒன்பதாயிரம் பேர் தத்தம் ஊர் உடையணிந்து, கொடியும் இசையும் குதிரையும் சூழ ஏழு கிலோமீட்டர் நடந்து வருகிறார்கள். சாலையோரம் நின்று பார்க்கக் கட்டணம் இல்லை. ஆண்கள் அணியும் தோற்காற்சட்டையும், பெண்கள் அணியும் டிர்ண்டல் என்னும் பாவாடையும் மேலாடையும் கொண்ட உடையும் ஊருக்கு ஊர் வேறுபடும். நம் மகளிர் 'நாமும் அவ்வுடை வாங்கலாமா' என்று கேட்டனர். வாங்கலாம், தடையில்லை. ஆனால் மேலங்கியின் முடிச்சை வலப்புறம் இட்டால் மணமானவள் என்றும், இடப்புறம் இட்டால் மணமாகாதவள் என்றும் பொருள் கொள்வராம், அறிந்து முடிச்சிடுக. சேலையும் நன்றே. பட்டு மட்டும் வேண்டா. தோளுக்குமேல் குவளைகளைத் தூக்கிச் செல்லும் இடத்தில் காஞ்சிப் பட்டுக்கு என்ன நேரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. செப்டம்பர் இறுதியில் காலையும் மாலையும் குளிரும், மழையும் உண்டு. கம்பளிச் சட்டையும் மூடிய காலணியும் கட்டாயம்.

வெளிக்குச் செல்ல நாங்கள் தேர்ந்தவை செவ்வாய், புதன் இரு நாள்களின் காலைவேளைகள். செவ்வாயன்று குடும்ப நாள். இராட்டினங்களிலும் கடைகளிலும் மாலை வரை கட்டணம் குறைவு. சனிக்கிழமைகளில் குழந்தை வண்டிக்கு இடமில்லை. மற்ற நாள்களிலும் மாலை ஆறு மணிக்குமேல் கொண்டு செல்லலாகாது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள், பெற்றோருடன் இருப்பினும், இரவு எட்டு மணிக்குக் கூடங்களை விட்டு வெளியேற வேண்டும். மாலை ஆறு மணி வரை கூடங்களில் ஒலிபெருக்கியின் ஓசையைக் கட்டுக்குள் வைத்து ஊதுகுழல் இசையே இசைப்பர். 2005 முதல் இவ்விதி நடப்பில் உள்ளது; முதியோருக்கு இது பெரும் உதவி. கைப்பை மூன்று லிட்டர் கொள்ளளவுக்கு மேற்பட்டால் வாயிலிலேயே தடுத்துவிடுவர். தண்ணீர்க் குப்பி, மாற்றுடை, மருந்துப் பெட்டி என்று நாம் வழக்கமாகத் தூக்கும் பெரும்பை அங்கே செல்லாது.

வாயிற் சோதனைக்குப் பின்னே ஒரு துயரும் உண்டு. 1980ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் இரவு, தலைவாயிலருகே வலதுசாரித் தீவிரவாதி ஒருவன் வைத்த குண்டு வெடித்து, அவனையும் சேர்த்துப் பதின்மூவர் மாண்டனர். இருநூற்றுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். அவ்விடத்தில் நினைவுச்சின்னம் இருக்கிறது. உள்ளே செல்லுமுன் அங்கே சற்று நிற்பதென முடிவு செய்திருக்கிறோம்.

இருக்கை பற்றிப் பலர் கேட்டீர்கள். வெளிக்குள் நுழையக் கட்டணம் இல்லை. பெருங்கூடங்கள் 14, ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கானோர் அமரலாம். முன்பதிவு செய்ய வேண்டுமானால் அந்தந்தக் கூடத்தாருக்கே எழுத வேண்டும். பொது அலுவலகம் ஒன்றும் இல்லை. ஒரு மேசைக்கு எட்டுப் பேர் அல்லது பத்துப் பேர். பதிவுக்கெனத் தனிக்கட்டணம் இல்லை என்றாலும், ஆளுக்கு இரண்டு மாஸ் பீருக்கும் அரைக் கோழிக்கும் உரிய சீட்டை முன்னரே வாங்கவேண்டும் என்பது பெரும்பாலான கூடங்களின் வழக்கம். எங்கள் பதின்மூவரில் பதினொருவர் குடியாதவர்; ஒன்பதின்மர் கோழி உண்ணாதவர். இப்பதிவால் எங்களுக்கு என்ன பயன்? அன்றியும், ஒவ்வொரு கூடத்திலும் ஒரு பகுதியைப் பதிவின்றி வருவோர்க்கு ஒதுக்கியாக வேண்டும் என்பது நகராட்சியின் விதி. வேலைநாளில் காலை பதினொரு மணிக்குள் சென்றால் இடம் கிடைக்கும் என்று பிள்ளைகள் உறுதி கூறுகிறார்கள். அறியாதாரோடு ஒரே பலகையில் அமர்வது அங்கே இயல்பு. வெளியாட்கள் பெரும்பொருள் கேட்டு விற்கும் பதிவுச் சீட்டுகளை மட்டும் தொடவே வேண்டா. கூடத்தார் அவற்றை ஏற்க மறுக்கலாம்.

2025இல் ஒரு மாஸ் பீரின் விலை 14.50 யூரோவிலிருந்து 15.80 யூரோ வரை இருந்தது. தண்ணீரும் எலுமிச்சைப் பானமும் ஆப்பிள்சாறும் உண்டு, அவையும் மலிவல்ல. மதுச்சத்து நீக்கிய பீரும் உண்டு. அதை வாங்கிக் கையில் வைத்துக்கொள்பவரை யாரும் ஏளனமாய்ப் பார்ப்பதில்லை என்று எங்கள் பிள்ளைகள் அனுபவத்தால் சொல்கிறார்கள்.

உணவுதான் எங்களை மிகவும் எண்ண வைத்தது. காரணம் புரட்டாசி. விழா நாள்கள் ஏறக்குறைய முழுதும் புரட்டாசித் திங்களிலேயே வருகின்றன. நம்மில் பல இல்லங்களில் அம்மாதம் புலால் சமைப்பதில்லை; சனிக்கிழமைகளில் பெருமாளுக்குத் தளிகை இடுவோரும் உளர். அங்கோ 1881 முதல் முழு எருதை வாட்டி விற்கும் கூடமே இருக்கிறது. தெருவெல்லாம் கோழியும் கோலிற் கோத்த மீனும் வாட்டும் மணம். ஆயினும் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. பிரெட்சன் என்னும் உப்புத் தூவிய முறுக்குவடிவ ரொட்டி முகத்தளவு பெரியது. உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை, பாலாடைக்கட்டியைப் பிசைந்து செய்யும் ஒபாட்ஸ்டா, சர்க்கரைப் பாகில் வறுத்த பாதாம் பருப்பு இவையெல்லாம் உண்டு. கேசெ ஸ்பெட்ஸ்லெ என்பது பாலாடைக்கட்டி சேர்ந்த மாவுப் பண்டம். அதில் முட்டை உண்டு என்பதை முட்டை உண்ணாதார் நினைவில் வைக்க. குழம்பு ஊற்றித் தந்தால் எதன் குழம்பு என்று கேட்பது நன்று. 'மாமிசமின்றி' என்பதற்கான ஜெர்மன் சொற்களை மாணவர்கள் தாளில் எழுதித் தந்திருக்கிறார்கள். ஆளுக்கொரு படி எடுத்துவிட்டோம்.

பீர்க் கூடங்களுக்கு வெளியே காண்பதற்கு ஒரு முழு நாள் போதாது. 2010இல் விழாவின் இருநூறாம் ஆண்டையொட்டித் தொடங்கிய 'ஒய்டெ வீசன்', அதாவது பழைய வீசன், என்னும் பகுதிக்குச் சிறு கட்டணம் உண்டு. பாட்டனார் காலத்து இராட்டினங்களும் பாவைக்கூத்தும் நாட்டு நடனமும் அங்கே உள்ளன, கூட்டமும் குறைவு. ஊதுகுழல் இசைக்குழுவின் இசையோடு சுழலும் 'கிரினோலின்' இராட்டினம் இருக்கிறது. தெள்ளுப்பூச்சிகளைக் கொண்டு வித்தை காட்டும் கூடாரமும் உண்டு என்றால் நம்புவீர்களோ? வெளியின் மேற்கு மேட்டில் பவேரியா தேவியின் வெண்கலச் சிலை 1850 முதல் நிற்கிறது. உயரம் பதினெட்டரை மீட்டர். உள்ளே படியேறித் தலைக்குள்ளிருந்து வெளி முழுவதையும் பார்க்கலாம். முதல் வியாழனன்று காலையில் ஒரு பெருங்கூடத்திலேயே கிறித்தவ வழிபாடு நடக்கிறது. ஊர் ஊராய்த் திரிந்து இராட்டினம் நடத்தும் தொழிலாளர் குடும்பங்களுக்காக. முந்திய இரவு பாட்டும் கூச்சலும் நிறைந்திருந்த பலகைகளில் மறுநாள் காலை மக்கள் கைகுவித்து இருப்பார்கள். அதனைக் காணவேண்டும் என்பது எங்கள் மூத்த அம்மையாரின் விருப்பம். வியாழனையும் சேர்த்துக்கொண்டோம்.

தங்குமிடம் முதலில் மலைப்பாகவே இருந்தது. அந்நாள்களில் மியூனிக் விடுதிகளின் கட்டணம் பன்மடங்கு ஏறிவிடும். ஆதலால் ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஆக்ஸ்பர்க் நகரில் அறைகள் பார்க்கிறோம். விரைவு இரயிலில் அரைமணி நேரத்தை ஒட்டிய பயணம். பவேரியாச் சீட்டு என ஒன்று உண்டு. ஐவர் வரை ஒரே சீட்டில், நாள் முழுதும் மாநிலத்து உள்ளூர் இரயில்களிற் செல்லலாம். வேலைநாளில் காலை ஒன்பது மணிக்குமேல்தான் செல்லுபடியாகும். மியூனிக் தலைமை நிலையத்திலிருந்து வெளிக்கு நடந்தே போகலாம். நிலத்தடி இரயிலுக்கு வெளியின் பெயராலேயே நிலையம் உண்டு. ஷெங்கன் நுழைவிசைவுக்கு ஆறு மாதம் முன்னரே விண்ணப்பிக்கலாம். முப்பதாயிரம் யூரோ அளவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். கடவுச்சீட்டு பத்தாண்டுக்குட்பட்டதாகவும், திரும்பும் நாளுக்குப் பின்னும் மூன்று மாதம் செல்லத்தக்கதாகவும் இருத்தல் வேண்டும். இவற்றில் ஐயமுள்ளோர் நாளை மாலை நூலகத்திற்கு வந்தால் படிவங்களோடு காத்திருப்போம்.

இறுதியாக ஒன்று. நாங்கள் தங்கும் நாள்களில் ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை வருகிறது. அன்று எவரும் விழா வெளிக்குச் செல்வதில்லை என்பது முடிவு. ஆக்ஸ்பர்க் அறையிலேயே மாவிளக்கு ஏற்ற வேண்டும் என்று அம்மையார் சொல்லிவிட்டார். அரிசிமாவும் வெல்லமும் இங்கிருந்து போகின்றன. நெய் போகாது, வெளிநாட்டிலிருந்து பால்படு பொருள்களைக் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியத்தார் பயணிகளை விடுவதில்லை. இதைக் கேட்டு அம்மையார் சிறிது நேரம் யோசித்தார். பிறகு, "அந்த ஊரில் வெண்ணெய் கிடைக்குமல்லவா? காய்ச்சிக்கொள்வேன், நல்ல அடிகனத்த பாத்திரம் ஒன்று மட்டும் பார்த்து வைக்கச் சொல்லுங்கள்" என்றார். பாத்திரம் வாங்கியாயிற்று என்று நேற்றுப் பிள்ளைகளிடமிருந்து செய்தி வந்தது.